மங்கோலியாவில் ஒரு துறைமுகம்

விஸ்பி, செப்டம்பர் 14

பெர்னில்லா,

நலமாக இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். என் இடுப்பு வலி பழையபடிதான். கப்பலின் எஞ்சின் அறையில் குனிய வேண்டிய இடங்கள் எதுவும் குறையவில்லை. நீ தூங்குகிறாயா?

போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வருகிறது, அதனால் கடிதம் எழுதிக்கொள்ளுங்கள் என்று விவாகரத்தின்போது அந்தக் குடும்ப ஆலோசகர் சொன்னார். மோவாவின் பல் டாக்டர், பள்ளி விடுமுறை, பனிச்சறுக்குக் காலணியின் அளவு என்று இத்தனை வருடம் எழுதினோம். இப்போது மோவாவின் கல்லறைக் கல்லைப் பற்றி எழுதுகிறோம். பேசுவதற்கு வேறு வழி நமக்கு மறந்துவிட்டது.

சாம்பல் நிறக் கிரானைட் எனக்குச் சம்மதம். மண் இறுக ஒரு குளிர்காலம் போகட்டும், பனி உருகியபின் கல்லை நிறுத்தலாம் என்று கல்லறை அலுவலகத்தில் சொன்னார்கள். கல்லில் புறா செதுக்க வேண்டாம் என்கிறாய். அதுவும் சம்மதம்.

இன்னொரு விஷயம். மோவாவும் நானும் ஆடிய அந்த ரோடு விளையாட்டு உனக்கு நினைவிருக்கும். உலகத்தில் எங்கோ ஓர் இடத்தின் ரோட்டைக் காட்டுவார்கள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அது எந்த இடம் என்று வரைபடத்தில் குறி வைக்க வேண்டும். எவ்வளவு தூரம் தவறினோம் என்று அது சொல்லும். என் நண்பர்கள் பட்டியலில் மோவா ஒருத்திதான். ஆகஸ்டில் ஒருநாள் அதைத் திறந்தேன். அவள் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. இப்போது ஆடிக்கொண்டிருக்கிறாள் என்று அதற்குப் பொருள். மறுநாள் காலையிலும் எரிந்தது. இன்று காலையும்.

மார்ச்சில் இறந்தவள். இயந்திரக் கோளாறாக இருக்கலாம். உன்னிடம் சொல்லி வைக்கலாம் என்று தோன்றியது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
ஹோகன்


யேவ்லே, செப்டம்பர் 29

ஹோகன்,

உன் கடிதம் வந்தது. தபால்காரர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வருகிறார், அதனால் எப்போது வந்தது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. இடுப்புக்கு அந்த நீச்சல் பயிற்சியை விட்டுவிடாதே. தூக்கத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். படுக்கிறேன்.

கல்லில் பெயரும் இரண்டு ஆண்டுகளும் போதும். "ஒரு வரி ஏதாவது போட்டா வெறுமையா இருக்காது" என்று கல் கடைக்காரர் சொன்னார். "வெறுமையா இருந்தா என்ன?" என்று கேட்டேன். அவர் வேறு விலைப்பட்டியலை எடுத்துக் காட்டினார்.

நில அளவை அலுவலகம் எப்போதும் போல. இரண்டு பண்ணைகளுக்கு நடுவே ஓர் எல்லைக்கல் காணாமல் போய்விட்டது, அதைத் தேடப் போனோம். பெரும்பாலும் கல் நகர்வதில்லை, மனிதர்கள்தான் வேறு இடத்தில் நின்று பார்க்கிறார்கள்.

நேற்று கல்லறைக்குப் போனேன். மழைக்குப் பிறகு மேட்டு மண் சிவந்து கிடக்கிறது. உகாண்டாவில் ரோட்டோரம் கிடக்குமே, அதுபோல. அவ்வளவு சிவப்பில்லை.

குளிர் தொடங்குகிறது. கப்பலில் கம்பளி உள்ளாடை அணிந்துகொள்.
பெர்னில்லா


விஸ்பி, அக்டோபர் 12

பெர்னில்லா,

சளி பிடித்து நான்கைந்து நாள் படுத்திருந்தேன், இப்போது பரவாயில்லை. உனக்கு ஒன்றும் இல்லையே?

ஆல்வாவிடமிருந்து எனக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. மோவாவின் வகுப்புத் தோழி, நம் வீட்டிலேயே பாதி நாள் சாப்பிட்டு வளர்ந்தவள். அப்படியே எழுதுகிறேன்: "ஹோகன், மோவாவோட பச்சைப் புள்ளி தினமும் எரியுது. யாராவது அவ கணக்கைத் திருடிட்டாங்களா? அதைப் பாக்கவும் முடியலை. அவளைப் பட்டியல்லேர்ந்து எடுக்கவும் மனசு வரலை. ப்ளீஸ் ஏதாவது பண்ணுங்க."

இன்னும் பதில் எழுதவில்லை.

விளையாட்டில் பழைய ஆட்டங்களை எடுத்துப் பார்க்கலாம். பார்த்தேன். மோவாவுக்கு லிதுவேனியாவும் லாத்வியாவும் கடைசிவரை குழப்பம்தான், உனக்குத் தெரியும். வகுப்பில் அதற்காகவே அவளைக் கேலி செய்வார்கள். இந்த மாதம் லிதுவேனியா பல தடவை வந்திருக்கிறது. எல்லாத் தடவையும் சரியாகக் குறி வைத்திருக்கிறாள். கோடையில் அப்படியில்லை. கோடையில் கென்யாவைப் பிரேசிலில் வைத்திருக்கிறாள்.

யாரோ பாடம் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நீ டென்மார்க்கைத் தாண்டிப் போனதில்லை என்று நினைத்தேன். உகாண்டா மண்ணை எங்கே பார்த்தாய்?

நன்றாகச் சாப்பிடு.
ஹோகன்


யேவ்லே, நவம்பர் 4

ஹோகன்,

பதில் தாமதமாகிவிட்டது. சளி முழுக்கப் போய்விட்டதா? எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை, இறந்தவர்களுக்கு விளக்கு வைக்கும் நாளில், கல்லறைத் தோட்டம் நிறைய ஆட்கள். நான் பேட்டரி லாந்தர் ஒன்று வாங்கிப் போனேன். ஆல்வா முன்னமே வந்து நின்றுகொண்டிருந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாள்.

"பெர்னில்லா, ஒண்ணு கேக்கவா?" என்றாள்.

"கேளு."

"அந்த விளையாட்டுல மோவா பேருல ஆடறது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"இது பேட்டரில எரியறது" என்றேன். "காத்து அடிச்சாலும் அணையாது. கிறிஸ்துமஸ் வரைக்கும் தாங்கும்னு கடையில சொன்னாங்க."

"நான் அதைக் கேக்கலையே" என்றாள் ஆல்வா.

பிறகு என் கையிலிருந்து லாந்தரை வாங்கி, அடியில் ஒட்டியிருந்த விலைச்சீட்டை உரித்து, மேட்டின்மேல் சாயாமல் வைத்தாள். அவளுடைய அம்மா காரில் காத்திருந்தார்.

வேறு செய்தி இல்லை. நீ இடுப்புக்கு டாக்டரைப் பார்த்தாயா என்று எழுதவில்லை.

பெர்னில்லா


விஸ்பி, நவம்பர் 20

பெர்னில்லா,

டாக்டரைப் பார்த்தேன். எடையைக் குறைக்கச் சொன்னார். உடம்பு எடையைச் சொல்கிறாரா, வேலையில் தூக்கும் எடையைச் சொல்கிறாரா என்று கேட்டேன், சிரிக்கவில்லை. உனக்குக் கை விரல்கள் மரத்துப்போவது நின்றதா?

போன வருடக் கோடையில் மோவா என்னோடு இரண்டு வாரம் கப்பலில் வந்தாளே, அதைப் பற்றி நான் உனக்கு எழுதவே இல்லை. வேலை முடிந்ததும் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து இதைத்தான் ஆடுவோம். எனக்கு எந்த ரோட்டைப் பார்த்தாலும் ஏதாவது ஒரு துறைமுகத்தில்தான் குறி வைக்கத் தோன்றும். மற்ற இடங்களின் பெயர் எனக்கு என்ன தெரியும்? ஒருநாள் மங்கோலியா வந்தது. எனக்கு அது மங்கோலியா என்று தெரியாது. சீனக் கடற்கரையில் கொண்டுபோய் வைத்தேன்.

"அப்பா, சுத்தி எல்லாம் புல்லு. ஒட்டகம் நிக்குது. கடல் எங்கேருந்து வந்துச்சு?" என்றாள்.

"எல்லா ரோடும் கடைசில ஒரு துறைமுகத்துக்குத்தான் போகும், கண்ணு."

"அதனாலதான் நீ எப்பவும் கடைசில இருக்கே."

சமையல்காரர் சோறு பரிமாறுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அதன்பிறகு கப்பலில் எனக்கு 'மங்கோலியத் துறைமுகத் தலைவர்' என்று பெயர். இப்போது அப்படி யாரும் கூப்பிடுவதில்லை. என்னைப் பார்த்து ஜாக்கிரதையாக நடக்கிறார்கள்.

உன்னை எதுவும் கேட்கவில்லை. ஆனால் ஆல்வாவுக்கு நான் பதில் எழுத வேண்டும்.

ஹோகன்


யேவ்லே, டிசம்பர் 10

ஹோகன்,

விரல்கள் மரத்துப்போவது நின்றுவிட்டது, அல்லது பழகிவிட்டது. உன் உடம்பு எடை என்ன ஆயிற்று?

நான்தான் ஆடுகிறேன்.

மருத்துவமனையில் அவளுடைய பொருட்களை ஒரு காகிதப் பையில் போட்டுக் கொடுத்தார்கள். பெருமூளையில் ரத்தக்கசிவு, அவளுக்கு எதுவும் தெரிந்திருக்காது என்று டாக்டர் சொன்னபோது அந்தப் பை என் மடியில் இருந்தது. வீட்டுக்கு வந்து போனை எதற்காகச் சார்ஜில் போட்டேன் என்று தெரியவில்லை. யாருடைய போனாக இருந்தாலும் போட்டிருப்பேன். சவ அடக்கத்துக்கு முன்பு அது ஒரு சத்தம் எழுப்பியது. 'மோவா, இன்று ஆடாவிட்டால் உன் தொடர் அறுந்துவிடும்' என்று இருந்தது. தினமும் விடாமல் ஆடினால் பெயருக்குக் கீழே ஓர் எண் ஏறிக்கொண்டே போகும், ஒருநாள் விட்டாலும் சுழியமாகும். அவளுக்கு அது பெரிய எண். மருத்துவமனையில் இருந்த நாட்களுக்கு ஏதோ சலுகையில் அது பிழைத்திருந்தது. அழுத்தினேன். ஐந்து ரோடுகள் வந்தன. ஐந்தும் தவறு. எண் ஒன்று கூடியது.

அவ்வளவுதான். இதற்கு விளக்கம் எதுவும் என்னிடம் இல்லை. அவள் உயிரோடு இருப்பதாக நான் நினைத்துக்கொள்ளவில்லை. என் புத்தி கலங்கவில்லை. அந்த விளையாட்டு எனக்குப் பிடிக்கவும் இல்லை. அதைப் பூகோளம் என்கிறார்கள். மின்கம்பத்தின் உருவம், ரோட்டுக் கோட்டின் நிறம், வண்டி எந்தப் பக்கம் ஓடுகிறது, மதிய வெயில் வடக்கிலிருந்து விழுகிறதா என்பதையெல்லாம் பார்த்துப் பார்த்து ஒரு நாட்டின் பெயரைச் சொல்லக் கற்றுக்கொள்ளலாம். அந்த நாட்டில் யார் இருக்கிறார்கள் என்று கடைசிவரை தெரியாது. படங்களில் இருப்பவர்களின் முகத்தை மங்கலாக்கிவிடுகிறார்கள். எனக்கு அது சௌகரியமாக இருக்கிறது.

காலையில் காப்பி குடித்ததும் ஆடுகிறேன். பிறகு வேலைக்குப் போக முடிகிறது.

கல் வரும் நாளில் நிறுத்திவிடுகிறேன். ஆல்வாவுக்கு அப்படியே எழுது. அவள் முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை.

கிறிஸ்துமஸுக்காகச் சதுக்கத்தில் அந்தப் பெரிய வைக்கோல் ஆட்டு உருவத்தைக் கட்டிவிட்டார்கள். வழக்கம்போல இந்த வருடமும் யாராவது அதைத் திருட்டுத்தனமாகக் கொளுத்திவிடுவார்களா என்று அலுவலகத்தில் பந்தயம் கட்டுகிறார்கள். என்னையும் கேட்டார்கள். எரியாது என்று கட்டினேன்.

பெர்னில்லா


விஸ்பி, ஜனவரி 6

பெர்னில்லா,

புத்தாண்டு நல்லபடியாகப் போயிருக்கும் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். புயலால் மூன்று நாள் கப்பல் ஓடவில்லை. ஹெர்ரிங் மீன் ஊறுகாயும் உருளைக்கிழங்குமாக வீட்டில் உட்கார்ந்திருந்தேன். எடை கூடியது.

ஆல்வாவுக்கு எழுதினேன். "சரி. அப்ப அவங்க ஆடட்டும்" என்று மட்டும் பதில் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று: "லிதுவேனியா எப்படிக் கண்டுபிடிக்கறாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க."

கல் வரும் நாளில் நிறுத்துவதாகச் சொன்னாய். நிறுத்து என்று நான் சொல்லவில்லை. அதைத் தெளிவாக எழுதிவிடுகிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். உனக்குக் காய்ச்சல் வந்தால், ரயில் நின்றுவிட்டால், ஒருநாள் ஆட முடியாமல் போனால் என்ன செய்வாய்?

தூக்க மாத்திரையை டாக்டர் எழுதிக் கொடுத்தாரே, சாப்பிடுகிறாயா?

ஹோகன்


யேவ்லே, பிப்ரவரி 3

ஹோகன்,

மாத்திரை குளியலறை அலமாரியில் இருக்கிறது. முழுதாக இருக்கிறது. நீ கேட்டதன் பொருள் எனக்குப் புரிந்தது, அதனால் சொல்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை காலையிலேயே எனக்கு உடம்பு சரியில்லை. காப்பி குடிக்கவில்லை, ஆடவும் இல்லை, சாயங்காலம் ஆடலாம் என்று வேலைக்குப் போனேன். திரும்பி வந்து சோஃபாவில் உட்கார்ந்தேன். கண் விழித்தபோது சனிக்கிழமை மதியம். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. மார்ச்சுக்குப் பிறகு நான் அப்படித் தூங்கியதில்லை.

போனைத் தேடினேன். எண் சுழியமாகியிருக்கும் என்று தெரியும். திறக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். வலிக்கும் என்று எதிர்பார்த்தேன், ஒன்றும் இல்லை. பிறகு திறந்தேன்.

தொடர் அறுந்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஆட்டத்தை யாரோ ஆடியிருந்தார்கள்.

குறிகளைப் பார்த்தேன். முதல் ரோடு பொலிவியா, மேட்டு நிலம். குறி சிலியில், அரிக்கா துறைமுகத்தில். இரண்டாவது உகாண்டா, குறி மொம்பாசாவில். மூன்றாவது லிதுவேனியாவின் உள்நாடு. குறி கிளைப்பேடாவில், கப்பல் நிற்கும் இடத்தில். நான்காவது மங்கோலியா. ஹோகன், மங்கோலியாவுக்குக் கடல் கிடையாது. அதற்காக விளாடிவோஸ்டாக் வரை போக வேண்டியதில்லை.

ஐந்தாவது நம் நாடு. ஸ்மோலாந்தில் ஒரு காட்டு ரோடு. அங்கிருந்து விஸ்பி துறைமுகம் எவ்வளவோ பக்கம். நீ யேவ்லேயில் வைத்திருக்கிறாய்.

மொத்த மதிப்பெண் வெட்கக்கேடு. அவள் கணக்கில் அது நிரந்தரமாக இருக்கும்.

கடவுச்சொல் நம் பழைய நாயின் பெயர் என்று உனக்குத் தெரிந்திருந்தது ஆச்சரியமில்லை. நான் அன்று ஆடவில்லை என்பது எப்படித் தெரிந்தது?

காய்ச்சல் போய்விட்டது. கேட்பாய் என்று எழுதுகிறேன்.
பெர்னில்லா


விஸ்பி, பிப்ரவரி 15

பெர்னில்லா,

காய்ச்சல் போனது நல்லது. சூப்பாவது வைத்துச் சாப்பிடு.

தினமும் காலையில் பார்ப்பேன். எஞ்சின் அறைக்குள் இறங்குவதற்கு முன், படியில் நின்று. அதற்குக் கீழே போனால் போன் வேலை செய்யாது. அது மோவா இல்லை என்று ஆகஸ்டிலேயே தெரியும். யார் என்றும் தெரியும். அதனால்தான் பார்த்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலை புள்ளி எரியவில்லை. மதியம் மேலே வந்து பார்த்தேன், இரவும் பார்த்தேன், எரியவில்லை. அந்த எண்ணைப் பற்றி நான் நினைக்கவில்லை. உன் தூக்க மாத்திரையை நினைத்தேன்.

உன்னைக் கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை. உன் பக்கத்து வீட்டு இங்கரைக் கூப்பிட்டேன். அவர் வீட்டுச் செருப்போடு பனியில் இறங்கிப்போய் உன் ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

"ஜன்னல் விளக்கு எரியுது. சோஃபாவுல படுத்திருக்கா, கோட்டோட" என்றார்.

"மூச்சு விடறாளா?"

"கோட்டு ஏறி எறங்குது. குறட்டைகூட விடறா போல. கதவைத் தட்டி எழுப்பவா?"

"வேண்டாம். தூங்கட்டும்" என்றேன்.

அப்புறம் நீ எழுந்ததும் முதலில் எதைப் பார்ப்பாய் என்று தோன்றியது. ஆடினேன். மங்கோலியா என்று தெரிந்துதான் விளாடிவோஸ்டாக்கில் வைத்தேன். ஐந்தாவதில் எங்கே வைத்தேன் என்று நீ சொன்னபிறகுதான் கவனித்தேன்.

ஹோகன்


யேவ்லே, மே 4

ஹோகன்,

இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. எழுத முயன்றேன், பாதியில் நின்றது. கல்லை நிறுத்த வந்துவிட்டு, ரயிலிலும் கப்பலிலுமாக நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். அந்த ரயில் இருக்கையில் அத்தனை நேரம் உட்கார்ந்தது இடுப்புக்கு ஆகியிருக்காது.

கல் நேராக நிற்கிறது. நீ போனபிறகு அலுவலக மட்டப்பலகையைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தேன். அன்று கல்லை நிறுத்தியவர் "எடது பக்கம் ஒரு நூல் தள்ளணுமா, அம்மா?" என்று கேட்டபோது நீயும் நானும் ஒரே சமயத்தில் "வேணாம்" என்றோம். கல்யாணத்துக்குப் பிறகு நாம் ஒரே பதிலைச் சொன்னது அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அன்று நான் ஆடவில்லை. நீயும் ஆடவில்லை என்பது மறுநாள் தெரிந்தது. எண் சுழியம். போனை அணைத்து, அவளுடைய பனிச்சறுக்குக் காலணி இருக்கும் பெட்டியில் வைத்தேன். இதைவிடப் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. வேலைக்குப் போனேன்.

ஒரு வாரம் காலையில் காப்பி குடித்துவிட்டு மேசையருகே சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு உன் படியை நினைத்தேன். நீ அங்கே நின்று பார்ப்பாய், எரியாது, இறங்கிப்போவாய்.

என் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கியிருக்கிறேன். எனக்கு இன்னும் அந்த விளையாட்டு பிடிக்கவில்லை. ஆல்வாவுக்கு அழைப்பு அனுப்பினேன், ஏற்றுக்கொண்டு உடனே ஓர் ஆட்டத்தில் என்னைத் தோற்கடித்தாள். லிதுவேனியாவின் மின்கம்பங்களைப் பற்றி அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது தவறு. உனக்கும் ஓர் அழைப்பு வந்திருக்கும்.

புள்ளி காலையில், காப்பிக்குப் பிறகு எரியும். ஒருநாள் எரியாவிட்டால் இங்கரைப் பனியில் நிறுத்தாதே. என்னையே கூப்பிடு, எடுக்கும் வரை கூப்பிடு. முதல் இரண்டு வாக்கியங்களில் சண்டை வராது.

பெர்னில்லா